புறப்பட்ட இடத்துக்கே மீளும் பாதை

சில்ரேர்ன் சுண்ணக் குன்றுகளில் ஒரு நாள் நெடுநடைக்குத் திட்டமிடுவது எப்படி?

லண்டன் மாநகரின் வடமேற்கே, ஹரோ, வெம்பிளி, கென்ரன் ஆகிய பகுதிகளில் எம்மவர் குடியேறி மூன்று, நான்கு தசாப்தங்கள் கடந்துவிட்டன. கோயில்களும் கடைகளும் தமிழ்ப் பாடசாலைகளும் அங்கே நிலைபெற்றுவிட்டன. ஆயினும், அதே ஹரோ புகையிரத நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரத்துக்கும் குறைவான பயணத் தொலைவில் வெண்சுண்ணக் குன்றுகளும் பீச் மரக் காடுகளும் பரந்து கிடக்கின்றன என்பதை எம்மிற் பலர் அறியார். அறிந்தவர்களும் ஒக்ஸ்போர்ட்டுக்கோ பேர்மிங்காமுக்கோ செல்லும்போது நெடுஞ்சாலையில் வாகனக் கண்ணாடியூடாகப் பார்த்துச் செல்வதோடு சரி. 2022ஆம் ஆண்டு வரை நாமும் அவ்வாறே இருந்தோம்.

அக்குன்றுகளின் பெயர் சில்ரேர்ன். தேம்ஸ் நதிக்கரையிலிருந்து வடகிழக்காக நீளும் இத்தொடர் 1965ஆம் ஆண்டில் இயற்கை எழில்மிகு பிரதேசமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இன்று 833 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கொண்ட இப்பிரதேசம், 2023இன் இறுதியிலிருந்து தேசிய நிலக்காட்சி என அழைக்கப்படுகிறது. இதன் மிக உயர்ந்த இடமே 267 மீற்றர்தான். எனவே மலையேற்றம் பற்றிய அச்சம் எவருக்கும் வேண்டியதில்லை. ஆனால் திட்டமின்றிச் சென்றால் இச்சிறு குன்றுகளிலும் வழிதவறலாம். அதை நாம் பட்டறிந்தோம். அந்தத் தவறையும், அதன்பின் நாம் வகுத்துக்கொண்ட திட்டத்தையும் எமது வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

திட்டமில்லாத முதல் நடை

2022 ஒக்ரோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. நாம் அறுவர் வெண்டோவர் என்னும் சிற்றூரில் இறங்கினோம். எம்மில் மூத்தவர் 71 வயதான ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். எல்லோரும் அவரை மாஸ்ரர் என்றே அழைப்போம். முன்தினம் இரவு குளிர்காலத்துக்காக மணிக்கூடுகள் ஒரு மணித்தியாலம் பின்னகர்த்தப்பட்டிருந்தன. மேலதிகமாக ஒரு மணி நேரம் உறங்கக் கிடைத்ததே என்று மகிழ்ந்த நாம், மாலையில் அந்த ஒரு மணி நேரம் எம்மிடமிருந்து பறிபோகும் என்பதை எண்ணிப் பார்க்கவில்லை.

நண்பகலில் நடக்கத் தொடங்கினோம். கையில் இருந்தது கைத்தொலைபேசியின் வரைபடம் மட்டுமே. குன்றின் உச்சியில் நின்று காட்சியை இரசித்தோம். உணவுப் பொதிகளை அவிழ்த்தோம். பின்னர் அழகாகத் தெரிந்த ஒரு பாதையால் காட்டுக்குள் இறங்கினோம். இலையுதிர்காலத்தில் பீச் மரச் சருகுகள் பாதையையும் பாதையல்லாத நிலத்தையும் ஒரே நிறத்தால் மூடிவிடும். மாலை 4.40 மணியளவில் சூரியன் மறைந்தது. ஐந்தரைக்குள் காடு முற்றாக இருண்டது. ஒரு கைத்தொலைபேசி அணைந்துவிட்டது. மற்றொன்றின் மின்கலம் தீரும் தறுவாயில் இருந்தது. விழுந்துகிடந்த பெருமரம் ஒன்றைத் தாண்டிச் சென்ற நாம், அரை மணி நேரத்தின் பின் மீண்டும் அதே மரத்தின் முன் வந்து நின்றோம்.

அவ்விடத்தில் மாஸ்ரர் நின்றுவிட்டார். "அண்டைக்கும் இப்பிடித்தான் தம்பி. எங்கை போறம் எண்டு தெரியாமல் நடந்தனாங்கள்" என்றார். அதற்குமேல் எதுவும் பேசவில்லை.

தூரத்து வீடொன்றின் வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு ஏழு மணியளவில் ஓர் ஒழுங்கையை அடைந்தோம். அவ்வீட்டுக்காரர் வழிகாட்டி உதவினார். எவருக்கும் காயமில்லை. ஆனால் திரும்பும் புகையிரதத்தில்தான் எமக்குத் திகதி நினைவுக்கு வந்தது. 1995ஆம் ஆண்டு இதே ஒக்ரோபர் 30ஆம் நாள் இரவிலேயே வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பக்கமாகத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். அந்தக் கூட்டத்தில் மாஸ்ரரும் தம் மனைவியோடும் இரு பிள்ளைகளோடும் நடந்தவர். சரியாக 27 ஆண்டுகளின் பின் அவரை மீண்டும் ஓர் இருளில் வழிதெரியாமல் நடக்க வைத்தவர்கள் நாம். அதன்பின் நடை என்ற பேச்சை எடுத்தாலே அவர் எழுந்து சென்றுவிடுவார்.

கடதாசியில் காட்டுங்கள்

தைப்பொங்கல் கழிந்த பின் ஒருநாள், முறையாகத் திட்டமிட்டு மீண்டும் செல்ல விரும்புகிறோம் என்று அவரிடம் கூறினோம். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு அவர் சொன்னது இது: "போற வழியை முதலிலை கடதாசியிலை காட்டுங்கோ. திரும்பி வாற வழியையும் காட்டுங்கோ. பிறகு யோசிப்பம்." திட்டமிடுதல் என்பதற்கு இதனைவிடச் சிறந்த இலக்கணம் இல்லை என்றே நாம் கருதுகிறோம்.

ஆகவே முதலாவது தேவை கடதாசி வரைபடம். பிரித்தானியாவின் நில அளவை நிறுவனமான ஓட்னன்ஸ் சேர்வே 1791ஆம் ஆண்டில் படைத்துறைத் தேவைக்காக உருவாக்கப்பட்டது. இன்று அதன் வரைபடங்களை எவரும் புத்தகக் கடையிலே வாங்கலாம். சில்ரேர்னின் வட பகுதிக்கு உரியது எக்ஸ்புளோறர் வரிசையின் 181ஆம் இலக்க வரைபடம். அதன் அளவுத்திட்டம் 1:25,000. அதாவது வரைபடத்தில் 4 சென்ரிமீற்றர் நிலத்தில் 1 கிலோமீற்றர். வயல் வேலிகள்கூட அதில் காணப்படும். பச்சை நிறத்துச் சிறு கோடுகளால் காட்டப்பட்டிருப்பவை பொதுமக்கள் நடப்பதற்குரிய பாதைகள். மண்ணிறத்தில் வளைந்து செல்பவை சமவுயரக் கோடுகள். அவை நெருங்கி நின்றால் செங்குத்து. விலகி நின்றால் மென்சரிவு.

நாம் தெரிவுசெய்த வழி இதுதான். வெண்டோவர் நிலையத்தில் தொடங்கி, றிட்ஜ்வே என்னும் தேசிய நெடும்பாதையால் பேக்கம் குன்றில் ஏறி, கூம் ஹில் உச்சியை அடைதல். அங்கிருந்து காட்டினூடாகப் பிரதமரின் நாட்டுப்புற இல்லமான செக்கர்ஸ் தோட்டத்தைக் கடந்து, பல்பிற் ஹில், கட்ஸ்டன் வழியாக வைற்லீவ் குன்றில் ஏறுதல். அதன்பின் கிழக்கே திரும்பி கிறேற் ஹம்டன், லிற்றில் ஹம்டன், டன்ஸ்மோர் ஆகிய சிற்றூர்களூடாக மீண்டும் வெண்டோவர் வந்து சேர்தல். சென்ற வழியால் திரும்புவதில்லை. ஆயினும் புறப்பட்ட இடத்துக்கே மீள்கிறோம். இதுவே சுற்றுநடை எனப்படுவது. புகையிரதத்தில் செல்வோருக்கு இது மிக வசதியானது.

வழியின் நீளத்தை அளப்பதற்கு மாஸ்ரர் தம் மனைவியின் தையற்பெட்டியிலிருந்து நூல் எடுத்துவந்தார். பாதையின் வளைவுகள் தோறும் நூலைப் படியவைத்து, பின்னர் அதை அடிமட்டத்தில் நீட்டி அளந்தார். 84 சென்ரிமீற்றர் வந்தது. நாலால் பிரித்தால் 21 கிலோமீற்றர். கணினி வசதி உள்ளவர்கள் இதனைத் திரையிலேயே அளந்துகொள்ளலாம். ஆயினும் நூலால் அளந்தவருக்கு ஒவ்வொரு திருப்பமும் மனதில் பதிந்துவிடுகிறது என்பதை நாம் பின்னர் கண்டோம்.

நேரக் கணக்கு

வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்கொட்லாந்து மலையேறுநர் 1892ஆம் ஆண்டில் ஒரு விதியை வகுத்தார். இன்றைய அளவையில் அதனைக் கூறுவதாயின், 5 கிலோமீற்றருக்கு ஒரு மணித்தியாலம். அதற்கு மேலாக, ஏறவேண்டிய ஒவ்வொரு 100 மீற்றர் உயரத்துக்கும் 10 நிமிடம். எமது வழியின் ஏற்றங்களையெல்லாம் சமவுயரக் கோடுகளை எண்ணிக் கூட்டியபோது ஏறக்குறைய 450 மீற்றர் வந்தது. எனவே 21 கிலோமீற்றருக்கு 4 மணி 12 நிமிடம். ஏற்றத்துக்கு 45 நிமிடம். ஆக மொத்தம் ஏறத்தாழ 5 மணித்தியாலம்.

ஆனால் இவ்விதி திடகாத்திரமான இளைஞர் ஒருவர் ஓய்வின்றி நடப்பதற்கு உரியது. முதியவரும் சிறுவரும் சேர்ந்து செல்லும் குழு மணிக்கு மூன்றரைக் கிலோமீற்றர் நடந்தாலே போதுமானது. அவ்வாறு கணித்தால் நடைக்கு 6 மணித்தியாலம், ஏற்றத்துக்கு 45 நிமிடம், உணவுக்கும் ஓய்வுக்கும் ஒன்றேகால் மணித்தியாலம். மொத்தம் 8 மணித்தியாலம். காலை 9.30க்குத் தொடங்கினால் மாலை 5.30க்கு முடியும். மே மாத நடுப்பகுதியில் இங்கு சூரியன் மறைவது இரவு 8.45 அளவில். எனவே எதிர்பாராத தாமதத்துக்கென மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கையிருப்பில் இருக்கும். ஒக்ரோபரில் நாம் வைத்திருந்த கையிருப்போ பூச்சியம். மாஸ்ரர் இக்கணக்கைத் தாமே ஒரு கொப்பியில் செய்து பார்த்த பின்னர்தான் வருவதற்குச் சம்மதித்தார்.

அவர் மேலும் ஒன்றைக் கேட்டார்: நடுவழியில் முடியாமற்போனால் எங்கே நிறுத்துவது? இதுவும் திட்டத்தின் ஒரு பகுதியாக இருத்தல் வேண்டும். எமது வழியில் 9ஆவது கிலோமீற்றரில் வைற்லீவ் குன்று வருகிறது. அங்கிருந்து இறங்கினால் பிரின்சஸ் றிஸ்பறோ புகையிரத நிலையம் உண்டு. ஆகவே, பிற்பகல் 1.30க்குள் வைற்லீவை அடையாவிடின் மேற்கொண்டு செல்லாமல் அந்நிலையத்துக்கு இறங்கிவிடுவது என்று முன்னரே முடிவு செய்தோம். அந்தப் பாதை ஹரோ ஒன் த ஹில் நிலையத்துக்குச் செல்வதன்று. வெம்பிளிப் பக்கமாக மரிலெபோன் செல்வது என்பதையும் குறித்துக்கொண்டோம். இத்தகைய முடிவை வீட்டு மேசையில் எடுப்பது எளிது. களைத்துப்போய் நிற்கும்போது எடுப்பது கடினம்.

எவருடைய நிலம்?

எம்மவரிடையே, சிறப்பாக மூத்தவர்களிடையே, ஒரு தயக்கம் உண்டு. முதல்நாள் ஒரு கோதுமை வயலின் நடுவே பாதை சென்றபோது மாஸ்ரர் கேட்டார்: "இது ஆற்றையோ வளவு. உள்ளுக்குப் போனால் பொலிசைக் கூப்பிட மாட்டாங்களோ?" சோதனைச் சாவடிகளைக் கடந்து வாழ்ந்த ஒருவருக்கு இக்கேள்வி எழுவது இயல்பே.

இதற்கு விடை சட்டத்திலே உள்ளது. நிலம் தனியாருடையதாக இருந்தாலும் அதன்மேல் செல்லும் பொதுப்பாதை எல்லோருக்கும் உரியது. யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளில் கிணற்றுப் பங்கு, வழிவாய்க்கால் உரிமை என்று எழுதுவதை அறிந்தவர்களுக்கு இதனை விளங்கிக்கொள்வதில் இடர்ப்பாடு இராது. வேறுபாடு யாதெனில், எமது ஊரில் அவ்வழி குறித்த சில காணிக்காரருக்கு உரியது. இங்கோ வழிப்போக்கர் அனைவருக்கும் உரியது. நேற்று வந்தவருக்கும் அதில் பங்குண்டு.

இவ்வுரிமை எளிதிற் கிடைத்ததன்று. 1932இல் வட இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் மலையில் தொழிலாளர்கள் திரண்டு, தடுக்கப்பட்ட நிலத்தில் நடந்தனர். அவர்களிற் சிலர் சிறையும் சென்றனர். 1949ஆம் ஆண்டுச் சட்டம், பொதுப்பாதைகள் யாவற்றையும் வரைபடமிட்டுப் பதிவு செய்யும் பொறுப்பை மாவட்ட சபைகளிடம் ஒப்படைத்தது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட சில திறந்த நிலங்களில் பாதையை விட்டு விலகியும் உலாவ அனுமதித்தது. இன்று இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய 225,000 கிலோமீற்றர் நீளமான பொதுப்பாதைகள் உள்ளன.

பாதையில் நடுகம்பங்களிலும் படலைகளிலும் அம்புக்குறிகளைக் காணலாம். மஞ்சள் அம்பு நடப்போருக்கு மட்டும் உரிய பாதை. நீல அம்பு குதிரையும் துவிச்சக்கரவண்டியும் செல்லக்கூடியது. றிட்ஜ்வேயின் அடையாளம் ஓக் மரத்துக் காய். காடுகளுக்குள் மரத்தின் மேலேயே வெள்ளை நிறத்தில் அம்பு தீட்டப்பட்டிருக்கும். இவ்வடையாளத்தைத் தேடிப் பார்க்க அறியாமற்போனதே ஒக்ரோபரில் நாம் வழிதவறியதற்கு ஒரு காரணம்.

உரிமைக்கு எல்லையும் உண்டு. றிட்ஜ்வே செக்கர்ஸ் மாளிகைக்குச் செல்லும் பிரதான வீதியைக் குறுக்கே கடக்கிறது. 1917இல் நாட்டுக்கு வழங்கப்பட்டு, 1921 முதல் பிரதமர்கள் பயன்படுத்திவரும் இல்லம் அது. 2007 முதல் அது பாதுகாக்கப்பட்ட இடமாதலால், அங்கே பாதையை விட்டு அத்துமீறி நுழைவது குற்றவியற் குற்றமாகும். பாதையில் செல்லும்வரை எவரும் உங்களைத் தடுக்கமாட்டார். பாதையை விட்டு ஓரடிகூட விலகவேண்டாம். சிறுவர்களுக்கும் முன்னரே சொல்லி வையுங்கள்.

ஏனைய ஒழுங்குகள் ஊரில் நாம் அறிந்தவையே. படலை திறந்திருந்தால் திறந்தபடியும், சாத்தியிருந்தால் சாத்தியபடியும் விட்டுச் செல்லுதல்; பயிரை மிதிக்காமல் ஒற்றை வரிசையில் நடத்தல்; குப்பையை வீட்டுக்கே கொண்டுவருதல். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் இடையே ஒருபோதும் செல்லலாகாது.

சுண்ணமும் நீரும்

இக்குன்றுகள் ஏன் வெண்ணிறமாக உள்ளன? 10 கோடி ஆண்டுகளுக்கும் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இவ்விடம் கடலடியாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கடற்பாசிகளின் சுண்ணத் தகடுகள் அடியிற் படிந்து படிந்து பாறையாயின. அதுவே இந்த வெண்சுண்ணம். அது நீரைத் தாங்கி நிற்பதில்லை. பஞ்சுபோல் உள்ளே இறக்கிவிடும். ஆகவே குன்றுகளின்மேல் ஆறில்லை, ஓடையில்லை. நீர் நிலத்தினடியில் தேங்கி, அடிவாரத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது.

யாழ்ப்பாணத்தில் பிறந்தவருக்கு இது புதுமையன்று. எமது குடாநாடும், காலத்தால் மிகப் பிந்தியதாயினும், கடலில் படிந்த சுண்ணக்கல்லே. அங்கும் ஆறில்லை; மழைநீர் நிலத்துக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறுகிறது. ஒரே வேறுபாடு ஆழம். எமது கிணறுகளில் துலாக்கொடிக்கு எட்டும் நீர், இங்கு குன்றின்மேல் எட்டாத ஆழத்தில் உள்ளது. சில்ரேர்னின் தென்பகுதியிலுள்ள ஸ்ரோக் றோ என்னும் சிற்றூர் மக்கள் நீரின்றிப் படும் துன்பத்தைத் தம் ஆங்கிலேய நண்பர் வாயிலாகக் கேட்டறிந்த காசி மகாராசா, தம் செலவில் அங்கு ஒரு கிணறு தோண்டுவித்தார். 1864இல் திறக்கப்பட்ட அக்கிணற்றின் ஆழம் 368 அடி. முழுவதும் மனிதக் கைகளால் தோண்டப்பட்டது. பொற்குவிமாடத்தோடு கூடிய அக்கிணற்றை இன்றும் அங்கே காணலாம்.

இதிலிருந்து நடைக்குத் திட்டமிடுவோர் கற்கவேண்டியது எளிது: வழியில் நீர் கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். ஒருவருக்கு ஒன்றரை முதல் இரண்டு லீற்றர் வரை சுமந்து செல்லுங்கள். மற்றொன்று, ஈரமான வெண்சுண்ணம் சவர்க்காரம்போல் வழுக்கும். குன்றுகளின் உச்சியில் சுண்ணத்தை மூடிக் களிமண்ணும் தீக்கற்களும் கிடக்கின்றன. அங்கேதான் பீச் காடுகள் செழித்திருக்கின்றன. மழைக்காலத்தில் அக்களி சப்பாத்தைப் பிடித்திழுக்கும். எனவே அடியில் ஆழமான வெட்டுகள் கொண்ட நடைச் சப்பாத்து அவசியம். அதையும் புதிதாக வாங்கி அன்றே அணியாமல், இரு வாரம் வீட்டைச் சுற்றி நடந்து பழக்கிக்கொள்ள வேண்டும்.

பொதியில் என்ன?

மே மாதமாயினும் மழை அங்கியும் கம்பளி மேலாடையும் வேண்டும். முழுநீளக் காற்சட்டை அணிவது நன்று. பாதையோரத்து நெட்டில் செடி எமது காஞ்சோன்றி போல் தொட்டால் எரிக்கும். புல்வெளிகளில் உண்ணிகள் உண்டு. அவற்றிற் சில லைம் என்னும் நோயைப் பரப்பக்கூடியவை. வீடு திரும்பியதும் கால்களையும் முழங்கால் மடிப்பையும் பார்த்து, உண்ணி இருப்பின் சிறு சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து மெல்ல இழுத்தெடுக்க வேண்டும். பின்னர் அவ்விடத்தில் வட்டமாகச் சிவந்தால் குடும்ப வைத்தியரைக் காணுங்கள்.

உணவைப் பொறுத்தவரை எமது கட்டுச்சோற்றுக்கு நிகரில்லை. புளிச்சாதமும் இடித்த சம்பலும் நாள் முழுவதும் கெடாதிருக்கும். எள்ளுருண்டை, பயற்றம் உருண்டை, பனங்கட்டித் துண்டு ஆகியவை சட்டைப்பையில் இருந்தால் ஏற்றத்தில் உதவும். நீரிழிவு உள்ளவர்கள் மருந்தையும் இனிப்பையும் ஒருசேர எடுத்துச் செல்வதோடு, நீண்ட நடைபற்றி முன்னரே வைத்தியரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கொப்புளத்துக்கு ஒட்டும் துணி, ஒரு மின்சூள், கைத்தொலைபேசிக்கு மேலதிக மின்கலம் ஆகியவற்றை மறக்கவேண்டாம். பள்ளத்தாக்குகளில் தொலைபேசி அலை கிடைக்காமற் போகலாம். ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே தொலைபேசியில் பதிந்து வைப்பதோடு, கடதாசி வரைபடமும் கையில் இருக்க வேண்டும். வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதி, வீட்டில் இருக்கும் ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.

புகையிரதம் பற்றியும் ஒரு சொல். ஞாயிற்றுக்கிழமைகளில் தண்டவாள வேலைகளால் சேவைகள் மாறுவதுண்டு. உங்கள் பயணச்சீட்டு எந்த நிலையம் வரை செல்லும் என்பதையும், கடைசிப் புகையிரதம் எத்தனை மணிக்கு என்பதையும் முதல்நாளே கேட்டறியுங்கள். வெண்டோவரை அண்டிய அதிவேகப் புகையிரதப் பாதை வேலைகளால் சில நடைபாதைகள் மாற்றிவிடப்படுவதும் உண்டு.

இரண்டாவது நடை

2023 மே மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று, எழுவராக மீண்டும் வெண்டோவரில் இறங்கினோம். வரைபடம் மாஸ்ரரின் கழுத்தில் ஒரு கண்ணாடித்தாள் உறையில் தொங்கியது. அவரே வழிகாட்டி. ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, வரைபடத்தை நிலத்தின் திசைக்குத் திருப்பிப் பிடித்து, "இப்ப நாங்கள் இஞ்சை நிக்கிறம்" என்று விரலால் காட்டிய பின்னரே அடுத்த அடி எடுத்துவைத்தார்.

260 மீற்றர் உயரமான கூம் ஹில் உச்சியில், போயர் போரில் மாண்ட இம்மாவட்டத்து வீரர்களுக்காக 1904இல் எழுப்பப்பட்ட நினைவுத்தூண் நிற்கிறது. அதில் பொறிக்கப்பட்ட பெயர்களை அவர் நின்று வாசித்தார். தலைக்கு மேலே பிளந்த வாலுடைய செந்நிறப் பருந்துகள் வட்டமிட்டன. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் இங்கிலாந்தில் கொன்றொழிக்கப்பட்ட இனம் அது. 1989 முதல் 1994 வரை ஸ்பெயினிலிருந்து குஞ்சுகள் கொண்டுவரப்பட்டு இக்குன்றுகளில் விடப்பட்டன. இன்று இந்தப் பிரதேசத்தின் அடையாளமே அப்பறவைதான். இவ்விபரத்தைக் கூறியபோது எம்மோடு வந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, "அப்ப இதுகளும் எங்களை மாதிரித்தான் வந்ததுகள்" என்றாள்.

செக்கர்ஸ் தோட்டத்தை ஒற்றை வரிசையில் கடந்தோம். வைற்லீவை அடைந்தபோது மணி 1.10. குறித்த எல்லைக்கு இருபது நிமிடம் முன்பாக! புல்லில் அமர்ந்து கட்டுச்சோற்றை உண்டோம். தொடர்ந்து சென்ற காடுகளில், பருவம் முடியும் தறுவாயிலும் நீலமணிப் பூக்கள் ஆங்காங்கே நிலத்தை மூடியிருந்தன.

கிறேற் ஹம்டனில் ஒரு பழைய தேவாலயம். ஜோன் ஹம்டன் என்பவர் வாழ்ந்த ஊர் அது. நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி மன்னர் முதலாம் சார்ள்ஸ் விதித்த கப்பல் வரியைக் கட்ட மறுத்தவர் அவர். அவரிடம் கேட்கப்பட்ட தொகை 20 சிலிங் மட்டுமே. பன்னிரு நீதிபதிகளில் எழுவர் மன்னர் பக்கமும் ஐவர் அவர் பக்கமும் தீர்ப்பளித்தனர். வழக்கில் தோற்றாலும் அந்த ஐவரின் தீர்ப்பை நாடே பேசியது. உள்நாட்டுப் போரில் காயமுற்று 1643இல் அவர் இறந்தார். மாஸ்ரர் தேவாலயத்து வாங்கில் அமர்ந்து சப்பாத்தைக் கழற்றிக் காலை ஆற்றியபடி இக்கதையைச் சிறுவர்களுக்குச் சொன்னார்.

லிற்றில் ஹம்டனுக்கு ஏறும் இறுதி ஏற்றத்தில் அவர் மூச்சு வாங்கினார். எவரும் அவசரப்படுத்தவில்லை, நேரம் கையில் இருந்தது. டன்ஸ்மோருக்கு அப்பால் காடு மீண்டும் அடர்ந்தது. ஒக்ரோபரில் நாம் வழிதவறிய காட்டின் மறுபக்கம் அது என்று வரைபடம் காட்டியது. அவ்விடத்தில் மாஸ்ரர் சற்று நின்றார். மரத்தில் தீட்டியிருந்த வெள்ளை அம்பைக் கையால் தொட்டுப் பார்த்தார். பின்னர் முன்னே நடந்தார்.

மாலை 6.05க்கு வெண்டோவர் நிலையத்தில் நின்றோம். கணக்கைவிட 35 நிமிடம் தாமதம். சூரியன் மறைய இன்னும் இரண்டரை மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. மாஸ்ரர் கொப்பியை எடுத்துப் புறப்பட்ட நேரத்துக்குக் கீழே திரும்பிய நேரத்தை எழுதி, அடியில் இரட்டைக் கோடு இழுத்தார்.

எமது வாசகர்களிடம் நாம் வேண்டுவது இதுதான். 21 கிலோமீற்றர் அதிகம் என்று கருதுவோர் வெண்டோவரிலிருந்து கூம் ஹில் வரை சென்று மீளும் சிறு சுற்றோடு தொடங்கலாம். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருப்பின் அவரைக் கூட்டிச் செல்லுங்கள்; ஆனால் அதற்கு முன் வரைபடத்தை அவர்முன் விரித்து, போகும் வழியையும் திரும்பும் வழியையும் அவருக்குக் காட்டுங்கள். எம்மவரிற் பலர் வாழ்வில் மிக நீண்ட தூரம் நடந்தது வேறு வழியின்றியே. தாமே விரும்பித் தெரிந்தெடுத்த ஒரு பாதையில், பொழுதோடு வீடு திரும்பும் உறுதியோடு, ஒரு நாளாவது அவர்கள் நடக்கட்டும்.